ஏவாளுக்கு எத்தனை மரம்?

பரீட்சையில் இரண்டு பேர் ஒரே சரியான விடை எழுதியிருந்தால் வாத்தியாரால் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே தப்பை ஒரே மாதிரி எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வார்கள். டி.என்.ஏ.விலிருந்து வம்ச மரம் போடுவதும் ஏறக்குறைய இந்த வேலைதான். தலைமுறை தலைமுறையாகக் காப்பி ஆகும்போது விழும் எழுத்துப் பிழைகளை வைத்து, யாருக்கு யார் கிட்டத்து உறவு என்று கண்டுபிடிப்பது.

1987-ல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு குண்டு போட்டார்கள். 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை (அம்மா வழியாக மட்டும் வருவது, அப்பாவுக்கு இதில் வேலையில்லை) ஒப்பிட்டதில், நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு தாய் சுமார் 2 லட்சம் வருஷம் முன்பு, அநேகமாக ஆப்பிரிக்காவில் இருந்தாளாம். பத்திரிகைகள் ‘ஏவாள்’ என்று பெயர் சூட்டிவிட்டன. 1988-ல் ‘நியூஸ்வீக்’ அட்டையிலேயே போட்டது. அவள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள், அவர்களுடைய மகள் வழி எங்கேயோ அறுந்துபோய்விட்டது என்பதெல்லாம் அட்டையில் அடங்காத சமாசாரம்.

‘ஆப்பிரிக்கர்’ என்று சேர்த்த 20 பேரில் 18 பேர் அமெரிக்கப் பிரஜைகளாயிற்றே என்று ஆட்சேபம் வந்தது. நியாயம்தான். 1991-ல் லிண்டா விஜிலன்ட் குழு, 121 அசல் ஆப்பிரிக்கர்கள் உட்பட 189 பேரை எடுத்துக்கொண்டு, சிம்பன்சியையும் ஒப்பிட்டு, ‘சயன்ஸ்’ இதழில் புது மரம் வெளியிட்டது. வேர் ஆப்பிரிக்காவில்தான் என்பதற்கு இதுவரை கிடைத்ததிலேயே பலமான ஆதாரம் என்றார்கள்.

என் புகார் இந்த ‘பலமான’ மேல்தான். அவர்களிடம் இருந்தவை 135 வகை டி.என்.ஏ. இவற்றை எத்தனை விதமாக மரமாக்கலாம் தெரியுமா? 2 போட்டு, பக்கத்தில் 267 சைபர். நம் கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்து அணுக்களை எண்ணவே 80 சைபர் போதும். எல்லா மரத்தையும் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால் புரோகிராம் ஓர் இடத்தில் தொடங்கி, மிகக் குறைந்த பிழைகளில் கதை முடிகிற மரத்தைத் தேடிப் போகிறது. இருட்டில் மலை ஏறுகிற மாதிரி. இதற்கு மேல் ஏற்றம் இல்லை என்றதும் நின்றுவிடும். அது வெறும் குன்றாக இருக்கலாம், பெரிய மலை பக்கத்திலேயே இருக்கலாம். எங்கே தொடங்கும் என்பது தகவலை உள்ளே கொடுத்த வரிசையைப் பொறுத்தது! வரிசையைக் கலைத்துக் கலைத்துப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். போதுமான அளவு செய்யவில்லை.

1992 பிப்ரவரியில் அதே ‘சயன்ஸில்’ ஆலன் டெம்பிள்டன் இன்னும் சிக்கனமான மரங்களைக் காட்டினார். வேர் ஆப்பிரிக்காவில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. அதே இதழில் ஹெட்ஜஸ் குழுவும் இதையே சொன்னது. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், 1991 கட்டுரையில் இருந்த அதே ஸ்டோன்கிங். இதற்குத் தைரியம் வேண்டும். நம் ஊர் சாம்பார் தகராறுகளில்கூட இதைப் பார்க்க முடியாது.

கிளையைச் சோதிக்க ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985-லேயே வழி சொல்லியிருந்தார். டி.என்.ஏ.வின் எழுத்து இடங்களைச் சீட்டு மாதிரி குலுக்கி எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்குங்கள். அப்படிச் சேர்ந்ததை வைத்து மரம் போடுங்கள். இதையே ஆயிரம் முறை. ஒரு கிளை 950 முறை வந்தால் நம்பலாம். 300 முறைதான் என்றால் ஜோசியம். 1991-ல் படித்தது 16,500 எழுத்தில் சுமார் 600. அதுவும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப மாறிக் குழப்புகிற பகுதி. அத்தனை கிளைகளை அதனால் தாங்க முடியாது.

2000-ல் இங்மன் குழுவினர் 53 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுசாகவே படித்தார்கள். மிகப் பழைய மூன்று கிளைகளிலும் ஆப்பிரிக்கர்கள் மட்டுமே. ஆக, ஏவாள் ஆப்பிரிக்காக்காரிதான். விடை சரி; 1991-ல் போட்ட வழிக்கு எங்கள் கணக்கு வாத்தியார் மார்க் தந்திருக்கமாட்டார்.

அந்த 2000 மரத்தில் கிளைகளின் ஓரத்தில் குலுக்கல் எண்களைப் பொடியாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது அவற்றைத்தான்.