லஞ்சிங்கும் குதிரையின் மரியாதையும்

லஞ்சிங் என்பது ஏழெட்டு மீட்டர் கயிற்றின் ஒரு முனையைக் குதிரையின் முகக்கயிற்றில் பூட்டி, மறுமுனையைப் பிடித்தவர் நடுவில் நிற்க, அவரைச் சுற்றிக் குதிரையை வட்டமாக நடத்துவதும் ஓட்டுவதும் ஆகும். நடுவில் நிற்பவர் கையிலுள்ள நீண்ட சவுக்கு அடிப்பதற்காக அல்ல. குதிரையின் பின்புறத்தை நோக்கி நீட்டி, அதை முன்னே செலுத்துவதற்காக. இந்தப் பயிற்சியின் பழைய பயன்கள் இன்றும் மாறவில்லை. நொண்டலைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் குதிரையை வட்டத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேரும் வீரர், கடிவாளம் பிடிக்காமல் லஞ்சிங் குதிரையின் மேல் உட்கார்ந்தே உடல் சமநிலையைக் கற்கிறார். குரலுக்கு நடக்கவும் நிற்கவும் இளங்குதிரை பழகுவதும் இதில்தான். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு எழுவது, குதிரைக்கு மரியாதை கற்பிக்கும் வழி லஞ்சிங்தான் என்ற வாதத்தில். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்டி ராபர்ட்ஸ், பாட் பரேலி போன்ற அமெரிக்கப் பயிற்றுநர்கள் வழியாகப் பரவி, காணொளிகளால் இன்று தமிழ்நாட்டுக் கொட்டடிகள் வரை வந்துசேர்ந்த கருத்து இது. மந்தையில் எது எதை நகர வைக்கிறதோ அதுவே தலைமை. ஆகவே மனிதன் குதிரையின் கால்களை நகர வைத்தால் குதிரை அவனைத் தலைவனாக ஏற்கும் என்பது இதன் சாரம். இடித்துத் தள்ளும் குதிரைக்கும், கடிக்க வரும் குதிரைக்கும், தீனி வாளியின் மேல் பாயும் குதிரைக்கும் ஒரே மருந்தாக வட்டம் சொல்லப்படுகிறது.

இந்தக் கருத்து இங்கே எளிதில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் கைமாறுகின்றன. வாங்குகிற எல்லோருக்கும் தலைமுறை தலைமுறையாகக் குதிரை பிடித்த சைஸ் (குதிரைக்காரர்) துணைக்கு இருப்பதில்லை. இது பழைய குறையும்கூட. காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய பாண்டியர் காலத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறுவதில்லை என்றும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்றும் குறித்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். குறையைச் சரியாகவே சுட்டியிருக்கிறார். கையாளத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தை இன்று ஒரு கயிறும் ஒரு காணொளியும் நிரப்புகின்றன.

மரியாதை வாதத்தின் முதன்மையான பிழை தூரத்தில் இருக்கிறது. குதிரையின் ஒழுங்கு என்று எதைச் சொல்கிறோம்? பிடித்தவரின் தோளை ஒட்டி, முந்தாமல் நடப்பது. அவர் நின்றால் நிற்பது. மார்பில் விரல் பட்டால் பின்வாங்குவது. லாடம் கட்டுபவருக்குக் காலைத் தருவது. கட்டிய இடத்தில் பதறாமல் நிற்பது. இவை அனைத்தும் கையெட்டும் தூரத்தில் நடப்பவை. லஞ்சிங்கோ ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் நடக்கிறது. அழுத்தம் கொடுத்து, குதிரை சரியாகச் செய்த அதே நொடியில் அழுத்தத்தை விலக்கும்போதுதான் அது கற்கிறது என்பது கற்றல் கோட்பாட்டின் அடிப்படை. பால் மெக்கிரீவி, ஆண்ட்ரூ மெக்லீன் ஆகிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்கள். முகக்கயிற்றைக் கையில் பிடித்திருப்பவர் அந்த நொடியைத் தவறவிடுவது அரிது. வட்டத்தில் குதிரை ஓடிக்கொண்டே இருக்க, சவுக்கும் நீண்டபடியே இருந்தால், எதற்காக அழுத்தம் வந்தது, எதனால் விலகியது என்பது குதிரைக்குத் தெரிய வழியில்லை. இடிக்கும் குதிரை நாற்பது சுற்று ஓடி முடித்து அருகில் வந்ததும் மறுபடி இடித்தால், அதைத் திமிர் என்று சொல்ல என்ன நியாயம்? இடிக்காமல் நிற்பதை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை.

மரியாதையின் அடையாளங்களாகச் சொல்லப்படுபவையும் இதேபோல் தடுமாறுகின்றன. தலை தாழ்வது, வட்டத்தின் உட்பக்கக் காது நடுவில் நிற்பவரை நோக்கித் திரும்புவது, வாயை மென்று நாக்கை நீட்டுவது ஆகியவை குதிரை பணிந்துவிட்டதன் குறிகளாம். களைத்த குதிரையும் தலையைத் தாழ்த்தும். சவுக்கு எங்கே என்று கவனிக்கும் குதிரையும் காதைத் திருப்பும். வாய் மெல்லுவது, பதற்றம் தணிந்து உமிழ்நீர் மீண்டும் ஊறுவதாலும் நிகழும். அப்படியானால் அது முன்பு பதற்றம் இருந்ததற்குத்தான் சாட்சி. 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட்டத் தொழுவத்தில் மனிதனுக்குப் பதிலாக ரிமோட் பொம்மைக் காரை ஓட்டி, குதிரை விலகி ஓடினால் அழுத்தம், திரும்பினால் விடுப்பு என்ற ராபர்ட்ஸ் பாணி முறையையே பின்பற்றினர். குதிரைகள் நின்று காரை நோக்கித் திரும்பக் கற்றன. பொம்மைக் காரைத் தலைவனாக மதித்தன என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

தென் தமிழகத்தின் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்தப் பிழை ஆபத்தாகவே மாறுகிறது. பட்டாசு ஆலைகள் நிறைந்த பகுதி இது. கோயில் கொடையில் வேட்டு, கல்யாண ஊர்வலத்தில் சரவெடி, ஐப்பசியில் ஊரெல்லாம் சத்தம். தென் மாவட்டங்களில் குதிரை இன்று பெரும்பாலும் இத்தகைய ஊர்வலங்களுக்கே வருகிறது. மேளத்துக்கு நடுவே, பிள்ளைகள் கூடிய தெருவில் அது அசையாமல் நிற்க வேண்டும். ஏறக்குறைய 350 பாகைப் பார்வையும் தனித்தனியே திரும்பும் காதுகளும் கொண்ட இந்த விலங்கு அச்சத்துக்குத் தரும் முதல் பதில் ஓட்டம். லஞ்சிங் அவசரக்காரர் கையில் அந்த ஓட்டத்தையே நாள்தோறும் பழக்குகிறது: சவுக்கு சொடுக்கினால் ஓடு. சவுக்கின் சொடுக்குக்கும் ஓலைவெடியின் சத்தத்துக்கும் குதிரையின் காதில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்படிப் பழகிய குதிரையை ஊர்வலத்தில் நிறுத்துபவர், அது ஓடுவதற்கான பயிற்சியைத் தாமே கொடுத்திருக்கிறார்.

இந்த வட்டாரத்தின் நிலமும் வெயிலும்கூட வட்டத்துக்கு எதிரானவை. வட்டத்தில் ஓடும் குதிரை உள்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. வட்டம் சிறுத்து வேகம் கூடக்கூடச் சாய்வும், மூட்டின் மேல் ஒருபக்கச் சுமையும் கூடுகின்றன. எலும்பு முற்றாத குட்டிக்கு இது மேலும் கெடுதல். கோடையில் கரிசல் இறுகி வெடித்துக் கிடக்கும். மழையில் குளம்பை இழுக்கும். வைப்பாற்றின் ஆழ்ந்த மணல் தசைநாண்களை வாட்டும். இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், வெப்பம் 37 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் நண்பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வண்டியும் சுமையும் இல்லாத லஞ்சிங் குதிரைக்கு அந்த நிழல்கூடக் கிடைக்காது.

ஒழுங்கைக் கற்பிக்கும் வேலை கையருகே, மெதுவாக நடக்க வேண்டியது. ஓரடி முன்னே, நில், ஓரடி பின்னே, நில். சரியாகச் செய்த நொடியில் கயிறு தளர வேண்டும், கழுத்தைச் சொறிந்துவிட வேண்டும். கிரேக்கரான செனஃபோன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே, குதிரையிடம் கோபத்தோடு நடந்துகொள்ளக் கூடாது என்றும், அது மிரளும் பொருளை அச்சுறுத்தாமல் அருகே காட்டிப் பழக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். வெடிச்சத்தத்துக்கும் அதுவே முறை. பதிவுசெய்த சத்தத்தைத் தொலைவில், மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, குதிரை தீனி தின்பதை நிறுத்தாத அளவிலேயே வைத்து, வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். தலை நிமிர்ந்து தீனி நின்றால் சத்தம் ஒருபடி குறைய வேண்டும். இந்த வேலையை ஆடியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் அவகாசம் இருக்கும். லஞ்சிங்கை வைத்துக்கொள்வதானால் அகன்ற வட்டத்தில், இரு பக்கமும் சமமாக மாற்றி, பெரும்பாலும் நடையில், காலைக் குளிரில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடிப்பாகப் பிடிக்க வேண்டும், மிரண்டு இழுக்கும் குதிரை சுற்றிய விரலை முறித்துவிடும்.