பாடிப் போகிறவரின் இரண்டாம் பாதி

கபடியில் எதிரணிக் கட்டத்துக்குள் நுழைவதை எங்கள் பக்கத்தில் 'பாடிப் போறது' என்பார்கள். தொலைக்காட்சி வந்தபிறகு அது 'ரெய்டு' ஆகிவிட்டது. எனக்கு இன்னும் பழைய சொல்தான் பிடிக்கிறது, ஏனென்றால் ஆட்டத்தின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. கால் வேகமும் கை நீளமும் இருந்தும் பாட்டு நின்றுபோனால் ஆட்டக்காரர் அவுட். 'கபடி, கபடி' என்பது நடுவர் காதில் தெளிவாக விழவேண்டும், இடையில் மூச்சை இழுக்கக் கூடாது. மூச்சையும் குரலையும் விதியாகவே எழுதி வைத்திருக்கும் விளையாட்டு இது.

என் அப்பா அப்படிப் பாடிப் போனவர். நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. பொங்கல் வந்துவிட்டால் முந்திரிக் காடுகளை ஒட்டிய ஊர்களில் நடக்கும் போட்டிகளுக்கு நைட் ஷிப்ட் முடித்த கையோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். நடுக்கோட்டைத் தாண்டும்போது அவர் குரல் தரையோடு தரையாக வரும். கனத்த, அடித்தொண்டைக் குரல். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு ஆள் தெரியாது. குரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே அப்பா எந்த மூலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது அவருக்கு 74 வயது. போன வருடம் ஒருநாள் மருந்துக் கடைக்குப் போன் செய்து மாத்திரை கொண்டுவரச் சொன்னார். மறுமுனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: "சொல்லுங்கம்மா, என்ன மாத்திரை?" அப்பா சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, "நீயே சொல்லுப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

வீரர்களின் முழங்காலையும் தோள்பட்டையையும் எத்தனையோ வாரம் அலசிய இந்தப் பத்தியில், இந்த வாரம் குரல்வளை.

அணியில் யார் யார்

குரல் ஒரு கூட்டாட்டம். நுரையீரல் காற்றைத் தள்ளுகிறது. கழுத்தில் 'சங்கு' என்று நாம் தொட்டுக் காட்டும் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் அந்தக் காற்றில் அதிர்கின்றன. தொண்டையும் வாயும் மூக்கும் அந்த அதிர்வுக்கு உருவம் தருகின்றன. ஆணின் நாண் ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். பெண்ணுடையது அதைவிடக் குட்டை, 12 முதல் 17 மில்லிமீட்டர்தான். சாதாரணமாகப் பேசும்போது ஆணின் நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறை அதிர்கின்றன, பெண்ணுடையவை 200 முறையை ஒட்டி. ஒரு பெண் ஒரே ஒரு நிமிடம் விடாமல் குரல் எழுப்பினால் அந்த இரண்டு நாண்களும் 12,000 முறை மோதி விலகுகின்றன. உடம்பில் இவ்வளவு வேலை வாங்கப்படும் தசை அதிகம் இல்லை.

இந்த நாண்கள் வேலை செய்வதை முதலில் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் ஒரு பாட்டு வாத்தியார். ஸ்பெயினைச் சேர்ந்த மானுவேல் கார்சியா, 1854-ல் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். அவர் வாழ்ந்தது 101 வருடம்.

வயது எங்கே பிடிக்கிறது

கபடியில் ஒரே ஆள் பிடித்து ஆட்டக்காரர் சாய்வது அபூர்வம். ஒருவர் கணுக்காலைப் பிடிப்பார், இன்னொருவர் இடுப்பை, மற்றவர்கள் மேலே விழுவார்கள். வயதும் குரலை அப்படித்தான் மடக்குகிறது.

முதல் பிடி மூச்சில். நுரையீரலின் திறன் இருபதுகளில் உச்சம் தொட்டு, பிறகு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைகிறது. விலாக்கூடும் விறைத்துப் போகிறது. திடகாத்திரமான இளைஞர் ஒரு மூச்சில் 'ஆ' என்று 20 நொடிக்கு மேல் இழுப்பார். வயதானவருக்கு அது நழுவிக்கொண்டே வரும். 10 நொடிக்குக் கீழே போனால் மருத்துவரிடம் கேட்கவேண்டிய விஷயம். இன்று கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பிடி எலும்புக்கூட்டில். குரல்வளை பெரும்பாலும் குருத்தெலும்பால் ஆனது. நடு வயதுக்கு முன்பே அதில் சுண்ணாம்பு ஏறி மெல்ல எலும்பாக மாறத் தொடங்குகிறது, ஆண்களுக்கு முன்னதாகவும் அதிகமாகவும். வளைந்து கொடுத்த கூடு இறுகிவிடுகிறது.

மூன்றாவது பிடிதான் கடுமையானது. நாணுக்குள் இருக்கும் தசை மெலிகிறது. தசை மெலிந்ததும் நாண்கள் நேராக நின்று ஒன்றையொன்று தொடாமல், வில்லைப்போல் வெளிப்பக்கம் வளைகின்றன. நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியே காற்று வீணாகக் கசிகிறது. குரலில் காற்றுச் சத்தம் கலப்பதும், வாக்கியம் முடியும் முன் மூச்சு தீர்வதும், சாயங்காலம் ஆனால் பேச அலுப்பதும் இதனால்தான். நாண்களை நனைத்து வைக்கும் சுரப்பிகளும் சுணங்குவதால் தொண்டை காய்கிறது. பெரியவர்கள் பேசுவதற்கு முன் கனைப்பது இதற்காகத்தான்.

அந்த மருந்துக் கடைப் பையன்மேல் தப்பில்லை. மெலிந்து இறுகிய நாண் வேகமாக அதிரும் என்பதால் முதுமையில் ஆணின் குரல் மேலே ஏறுகிறது. பெண்ணுக்கு நடப்பது எதிர்த்திசையில். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாற்றத்தால் நாண்கள் தடித்து, குரல் கீழே இறங்குகிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் குரல் ஏற ஏற அம்மாவின் குரல் இறங்கியது. இப்போது அடுத்த அறையில் இருவரும் பேசிக்கொண்டால் யார் எது சொன்னார்கள் என்று எனக்கே சில நேரம் பிடிபடுவதில்லை.

நெய்வேலிக்கு இன்னொரு பிடியும் உண்டு. அது மௌனம். சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வட்டத்துக்கு வட்டம் நண்பர்கள், ஷிப்ட் பேருந்தில் அரட்டை, மெயின் பஜாரில் நின்று பேச்சு. 60 வயதில் ஓய்வு, பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிலர் இந்திரா நகர் பக்கம் வீடு கட்டிக்கொள்வார்கள், சிலர் சொந்த ஊருக்கு, சிலர் சென்னையில் மகன் வீட்டுக்கு. கூடப் பேசியவர்கள் ஒரே வருடத்தில் நாலு திசைக்குப் போய்விடுகிறார்கள். என் அப்பா இரைச்சலுக்கு மேலே குரல் உயர்த்திப் பேசியே பழகியவர். ஓய்வுக்குப் பின் ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து நிமிடம் பேசியிருந்தால் அதிகம். கட்டுப்போட்ட காலில் தசை வற்றுவதைப் பார்த்திருக்கிறோம். பேசாத தொண்டையிலும் தசை வற்றும். வயது செய்தது பாதி என்றால், பயன்படுத்தாமல் விட்டது மீதி.

ஆட்டத்தை மாற்றியவர்கள்

மூத்த வீரர் இளமையின் ஆட்டத்தையே ஆட முயன்றால் தோற்பார். தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதனைப் பாருங்கள். புரோ கபடி லீக்கில் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது அவருக்கு 41 வயது. 2019-ல் 44 வயதிலும் ஹரியானா அணிக்காகக் களத்தில் நின்றார். பாடிப் போகும் வேலையை இளைஞர்களுக்கு விட்டுவிட்டு, மூலையில் நின்று பிடிக்கும் நேரத்தைக் கணித்தார். நாடே அவரை 'அண்ணா' என்றது.

பாட்டிலும் இதே கணக்குத்தான். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். 1953-ல் வந்த 'ஔவையார்' படத்தில் மூதாட்டியாக நடித்தார், 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்திலும் அதே வேடம். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். வேடம்தான் தளர்ந்தது. நாடக மேடையில் ஏற்றிய உரம் குரலில் அப்படியே இருந்தது.

செம்மங்குடி ஸ்ரீனிவாச அய்யருக்கு இயற்கை இனிய சாரீரம் கொடுக்கவில்லை. அசுர சாதகம்தான் கொடுத்தது. 1908-ல் பிறந்தவர், தொண்ணூறை எட்டிய பிறகும் பாடினார். இளவயதிலேயே குரலின் குறைகளோடு மல்லுக்கட்டி, எங்கே அழுத்தலாம், எங்கே விட்டுவிடலாம் என்று கண்டுகொண்டவர் என்பதால், முதுமை கொண்டுவந்த குறைகள் அவருக்குப் புதிய எதிரி அல்ல. கர்நாடக சங்கீதத்தில் வயதுக்கேற்ற வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ருதியைக் குறைத்துக்கொள்வது. கட்டையை இறக்குவதை யாரும் அங்கே அவமானமாக நினைப்பதில்லை.

டி.கே. பட்டம்மாள் 1919-ல் பிறந்தவர். 2000-ல் வெளியான 'ஹே ராம்' படத்துக்காக இளையராஜா இசையில் பாடியபோது எண்பதை ஒட்டிய வயது. டி.எம். சௌந்தரராஜன் 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த பாடலில் குரல் கொடுத்தபோது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். அந்தப் பாடலை இன்னொரு முறை கேளுங்கள். நடுக்கம் தெரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடச் சிதையவில்லை. ஒலியின் வலிமை குறைந்த இடத்தை உச்சரிப்பால் நிரப்பியிருக்கிறார். அதுதான் அனுபவசாலியின் ஆட்டம்.

விலகுவதும் ஒரு ஆட்டமுறைதான். குழந்தைக் குரல் வரைக்கும் பாடிக் காட்டிய எஸ். ஜானகி, 2017 அக்டோபரில் மைசூருவில் கச்சேரி செய்து மேடைக்கு விடை சொன்னார். அப்போது வயது 79. எந்தப் பாட்டைத் தன் குரல் இனித் தாங்காது என்று தெரிந்துகொள்ளவும் அறுபது ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி அட்டவணை

காலையில் நெய்வேலி பாரதி விளையாட்டரங்கம் பக்கம் போனால் நடப்பவர்களும் கையைக் காலை நீட்டி மடக்குபவர்களுமாக நிறையப் பெரியவர்களைப் பார்க்கலாம். முழங்காலுக்கு உடற்பயிற்சி உண்டு, முதுகுக்கு உண்டு. குரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதற்கும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்காரம். பிறகு 'ஆ' என்று ஒரே ஸ்தாயியில், சீராக, எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம். கீழிருந்து மேலே மெதுவாக வழுக்கி ஏறி, அதே போல் இறங்குவது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு, குமிழி வரும்படி அதன் வழியே குரல் கொடுப்பது. குரல் பயிற்சி நிபுணர்கள் உலகெங்கும் சொல்லித்தரும் பயிற்சிகள் இவை. நம் பாட்டு வாத்தியார்கள் விடியற்காலையில் செய்யச் சொல்லும் அகார சாதகத்துக்குப் பக்கத்துச் சொந்தம். நாளுக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் போதும். செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கலாம். தண்ணீர் போதிய அளவு குடிக்கவேண்டும். கனைப்பதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீரை விழுங்குவது நாண்களுக்கு நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், முக்கியமாகப் பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அந்தக் கம்மல்தான், ஆரம்பத்திலேயே பிடித்தால் குணமாகும் வாய்ப்பும் அதிகம். நடுக்கு வாதமும் குரலைத் தணிக்கும். 'வயசாச்சு, அப்படித்தான்' என்ற சொல்லை மருத்துவர் சொல்லட்டும், நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். நாண் மிகவும் மெலிந்திருந்தால் ஊசி வழியாக அதைப் பருக்கவைக்கவும், சிறு அறுவை சிகிச்சையால் நடுவுக்குத் தள்ளவும் வழி இருக்கிறது.

அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வேறு கோளாறு எதுவும் இல்லை, நாண்கள் வளைந்திருக்கின்றன, பயிற்சி செய்யுங்கள் என்றார். ரீங்காரம், ஸ்ட்ரா என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றுதான். மொட்டை மாடியில் நின்று, ஒரு மூச்சில் எத்தனை 'கபடி' என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். முதல் நாள் 22. பேரன் பக்கத்தில் நின்று எண்ணினான். தாத்தா பாதியில் மூச்சைத் திருடினால் விடமாட்டான், "அவுட்டு தாத்தா!" என்று கத்துவான். ஐந்து மாதம் கழித்து 31. ஸ்ட்ராவையும் இப்போது செய்கிறார், பேரனோடு போட்டி போட்டு.

போன வாரம் மாத்திரை தீர்ந்துவிட்டது. அப்பாவே போனை எடுத்தார். "சொல்லுங்கம்மா" என்ற குரல் எனக்கும் கேட்டது. பழைய குரல் வரவில்லை, வரவும் வராது. அவர் நிறுத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து மாத்திரையின் பெயரையும் எழுத்து எழுத்தாக, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.