பேசுவோர் உணர்வு எவ்வளவு தூரம் சான்று?

மொழித் தத்துவத்துக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று அறியத் தத்துவவாதி ஒரு கதையைக் கற்பனை செய்கிறார். அதைக் கேட்டதும் மனத்தில் பளிச்சென்று படும் பதிலை, அதாவது அந்த உணர்வை, சான்றாக வைக்கிறார். இந்த முறையை எவ்வளவு நம்பலாம்?

இதன் வலிமையை 1970-இல் பிரின்ஸ்டனில் தத்துவவாதி சால் கிரிப்கி ஆற்றிய உரைகளில் காணலாம். பெயருக்கு உரியவரைப் பற்றி நாம் அறிந்த விவரமே அவரைச் சுட்டிக்காட்டுகிறது என்ற கொள்கை அப்போது செல்வாக்கோடு இருந்தது. கிரிப்கி ஒரு கதை சொன்னார். கணிதத்தின் முழுமையின்மைத் தேற்றத்தை நிறுவியவராக உலகம் அறிவது கோடலை; கதையிலோ அதை உண்மையில் நிறுவியவர் ஷ்மிட் என்பவர். அவருடைய கையெழுத்துப்படி கோடலிடம் சிக்கி, பெருமையும் கோடலுக்கே போய்விட்டது. கோடலைப் பற்றி அந்தத் தேற்றத்தைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருவர் ‘கோடல்’ என்றால் யாரைச் சொல்கிறார்? கொள்கைப்படி ஷ்மிட்டை. கிரிப்கிக்கோ, கோடலைத்தான் என்று பட்டது. பெரும்பாலான தத்துவவாதிகளுக்கும் அப்படியே பட்டது. ஒரே கதையில் பழைய கொள்கை ஆட்டம் கண்டது.

ஆனால் எல்லோருக்கும் அப்படிப் படுமா? 2004-இல் மாஷெரி, மாலன், நிக்கல்ஸ், ஸ்டிச் ஆகியோர் அமெரிக்க மாணவர்களிடமும் ஹாங்காங் மாணவர்களிடமும் இத்தகைய கதைகளைச் சொல்லிக் கேட்டார்கள். ஹாங்காங் மாணவர்கள் பழைய கொள்கையின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளேயும் கருத்து வேறுபாடு இருந்தது.

வல்லுநர்களிடமும் இந்தச் சிக்கல் உண்டு. பிரான்சுக்கு மன்னரே இல்லாத நிலையில், ‘பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத்தலையர்’ என்பது பொய் என்றார் ரஸ்ஸல் (1905). மெய், பொய் என்ற கேள்வியே அங்கே எழாது என்றார் ஸ்ட்ராசன் (1950). அவரவர் கொள்கை அவரவர் உணர்வில் நிறம் ஏற்றிவிடுகிறது. பிறகு அதே உணர்வைக் கொள்கைக்குச் சாட்சி சொல்ல அழைப்பது வட்டம் சுற்றுவதாகும்.

அதற்காக உணர்வை அடியோடு தள்ளிவிட முடியாது. இயற்பியலில் மக்களுக்கு எப்படிப் படுகிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பருப்பொருள் மக்களின் எண்ணத்தைச் சார்ந்து நிற்பதில்லை. சொற்பொருளோ பேசுவோரின் வழக்கில்தான் நிலைபெறுகிறது. மாணவர்களிடம் நடத்திய அந்தக் கருத்துக்கணிப்பை விமர்சித்த தத்துவவாதி ஜெனோவேவா மார்ட்டி இங்கேதான் கைவைத்தார்: அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று கேட்பது மாணவர்களின் கொள்கையைக் கேட்பது, அவர்கள் அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதல்லவா சான்று?

இந்த வேறுபாடே தீர்வுக்கு வழி. சொல்லைப் பயன்படுத்துவதில் வெளிப்படும் உணர்வு வலுவான சான்று. சொல்லைப் பற்றி ஒருவர் கூறும் தீர்ப்பு பலவீனமான சான்று. எல்லோரும் ஒத்துப்போகும் எளிய இடங்களில் உணர்வை நம்பலாம். கருத்து பிளவுபடும் விசித்திரக் கதைகளை மட்டும் நம்பி ஒரு கொள்கையை நிறுவவும் கூடாது, வீழ்த்தவும் கூடாது.