குமிழைத் திருப்பும் மோட்டார்

சைக்கிள் பிரேக்குக் கம்பி அதிக வளைவின்றி ஓடினால் பிடியை இலேசாக அழுத்தியதும் சக்கரம் நின்றுவிடும். அதே கம்பியை உறையோடு இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எண்டோஸ்கோப்புக்கு ரோபாட் துணை வந்துவிட்டது என்னும் செய்திகளை நாமே எடைபோடலாம்.

1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷோவிட்சும் அவருடைய குழுவினரும் கண்ணாடி இழைகளைக் கொண்டு வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தனர். இழையின் இடத்தை இன்று நுனியிலுள்ள சிறு காமிரா பிடித்துக்கொண்டது. நுனியை வளைக்கும் முறை மட்டும் பெரிதும் மாறவில்லை. குழலுக்குள் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன; அவற்றை இழுக்க இரண்டு குமிழ்கள். ஒன்று நுனியை மேலும் கீழும் திருப்பும், மற்றொன்று இடமும் வலமும். இரண்டையும் மருத்துவர் இடது கை விரல்களாலேயே திருப்ப வேண்டும். வலது கைக்குக் குழலைத் தள்ளும் வேலையும் முறுக்கும் வேலையும் இருக்கின்றன.

இந்தச் சிரமத்தைக் குறைக்க, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் குமிழ்களை மோட்டார்களால் திருப்பிப் பார்த்தனர். காமிராப் படத்தைக் கொண்டே நுனிக்கு வழிகாட்டவும் முயன்றனர். இந்த இரண்டாவது யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கு நுனியில் இருப்பதால் அருகிலுள்ள குடற்சுவர் பளிச்சென்று தெரியும். தொலைவு கூடக்கூட ஒளி மங்கும். ஆகவே படத்தில் கருமையான இடமே போகும் வழி! கணிப்பொறி அந்தக் கருமையைத் தேடி நுனியைத் திருப்புகிறது. ஆனால் குடல் மடிப்பின் மறைவும் கருமையாகத் தெரியலாம். நுனி சுவரில் முட்டிவிட்டால் கருமையே இராது, எங்கும் சிவப்புத்தான். அனுபவமுள்ள மருத்துவர் உடனே குழலைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பார்.

மோட்டாரைப் பற்றி எனக்குள்ள குறை வேறு. உறைக்குள் ஓடும் கம்பியின் இழுவிசை, வளைவுக் கோணம் ஏற ஏற அடுக்குக்குறி முறையில் குறைகிறது. படகைக் கட்டுபவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்து நிறுத்துவதும் இதே விதியால்தான். உராய்வுக் கெழு 0.1 என்று கொள்வோம். குழல் மொத்தம் 360 பாகை வளைந்திருந்தால், இழுத்த விசையில் சுமார் 53 விழுக்காடே நுனியை எட்டும். 720 பாகையானால் 28 விழுக்காடு. மோட்டாருக்கு வலு உண்டு. இந்த இழப்பை ஈடுசெய்யும். ஆனால் எவ்வளவு ஈடுசெய்ய வேண்டும் என்பது குழல் உள்ளே எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது நொடிக்கு நொடி மாறும். விரல் நேரடியாகக் குமிழைத் திருப்பும்போது இறுக்கம் ஓரளவாவது தெரியும். விசையை அளந்து விரலுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லாத மோட்டார் அதையும் மறைத்துவிடும்.

நோயாளியின் வலிக்கு முக்கியக் காரணம் குமிழே அன்று. சுமார் 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குள் குழலைப் பின்னாலிருந்து தள்ளுகிறோம். அது முன்னே செல்லாமல் வளையமாகிக் குடலை இழுத்து நீட்டுகிறது. நனைந்த நூலை ஊசிக்காதில் தள்ளிக் கோக்க முயன்றவர்களுக்கு இது புரியும். குமிழில் மோட்டார் பொருத்தினால் மருத்துவரின் மணிக்கட்டுக்கு இதம், படுத்திருப்பவருக்கு? 'ரோபாட் வந்தது, வலி போனது' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் சென்றனர். நுனியில் ஒரு காந்தம். வயிற்றுக்கு வெளியே எந்திரக் கை பிடித்திருக்கும் பெரிய காந்தம் அதை முன்னாலிருந்து இழுக்கும். தள்ளுவதே குறைவதால் வளையமும் குறையும். 2020-இல் பன்றிகளிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டனர். இங்கும் இயற்பியல் சும்மா விடவில்லை. இரண்டு சிறு காந்தங்களுக்கு இடையிலுள்ள விசை, தொலைவு இரு மடங்கானால் 16-இல் ஒரு பங்காகிவிடும். பருத்த உடலுக்குள் இருக்கும் நுனியை இழுக்க வெளிக்காந்தம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.