குதிரையா, கப்பலா? பிரெஞ்சு ‘எகிப்பே’ என்னும் வினையின் வேர்

‘வேண்டிய கருவிகளை அளித்து ஆயத்தப்படுத்துதல்’ எனப் பொருள்படும் வினையொன்று ரோமானிய மொழிகளிலும் ஸ்காண்டிநேவிய மொழிகளிலும் ஒருங்கே வழங்குகிறது. அது பிரெஞ்சில் ‘எகிப்பே’, ஸ்பானியத்தில் ‘எகிப்பார்’, இத்தாலியத்தில் ‘எக்விப்பஜ்ஜாரே’, ஸ்வீடியத்தில் ‘எகிப்பேரா’, டேனியத்தில் ‘எக்விப்பேரெ’ என அமையும். இவ்வடிவங்களைக் காண்போர்க்குக் குதிரையைக் குறிக்கும் இலத்தீன் ‘எக்வுஸ்’ நினைவில் எழுவது இயல்பு. இவ்வினையடிப் பெயர் குதிரை பூட்டிய வண்டியையும் குறித்தலின் அவ்வெண்ணம் வலுப்பெறும். எனினும் அது ஏற்புடையதன்று. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் போக்கு நம் ஆய்வேடுகளிலும் அருகிவிடாமையின் இச்சொல் விரிவாக நோக்கத்தக்கது.

இதன் மூலம் பழைய நோர்ஸ் மொழியின் ‘ஸ்கிப்பா’. ஒழுங்குபடுத்துதல், கலத்துக்கு ஆள் அமர்த்துதல் என்பன அதன் பொருள்கள். கப்பலைக் குறிக்கும் ‘ஸ்கிப்’ அதன் இனச்சொல். 911இல் ரோலோ தலைமையிலான வடவர் இன்றைய நார்மண்டிப் பகுதியில் நிலம் பெற்றனர். அவர்தம் வழியினர் நாளடைவில் பிரெஞ்சு பேசினர். கடல்தொழிற் சொற்கள் பலவற்றை மட்டும் விடவில்லை. அலையைக் குறிக்கும் பிரெஞ்சு ‘வாக்’ என்பதும் அவ்வாறு வந்ததே. சொல்முதலில் ‘ஸ்க்’ என்னும் கூட்டொலியை ஏலாத பழைய பிரெஞ்சு, முன்னே எகரம் சேர்த்து ‘எஸ்கிப்பெர்’ என்றது. பேச்சுத்தமிழின் ‘இஸ்கூல்’ ஒப்பிடத்தக்கது. பின்னர் ஸகரமும் மறைந்தது.

சிக்கல் டேனிய, இத்தாலிய வடிவங்களின் வகரத்தில்தான் உள்ளது. பிரெஞ்சில் இகரத்தின் முன் ககர ஒலியைக் காட்ட ‘க்யூ’, ‘யூ’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தெழுதுவர், பின்னது ஒலிப்பதில்லை. ஆங்கிலோ-நார்மன் ஏடுகளில் இச்சொல் ‘கே’ என்னும் எழுத்தாலும் எழுதப்பெற்றுள்ளது. ஸ்வீடியம் பிரெஞ்சு ஒலியைப் பின்பற்ற, டேனியம் எழுத்தைப் பின்பற்றியது. ஆகவே குதிரைக்குச் சான்றாகக் காட்டப்படும் வகரம் எழுத்துமுறையின் விளைவேயன்றி வேரின் எச்சமன்று. பொருள் வரலாறும் இதற்கே துணைநிற்கிறது: கப்பலேறுதலும் கலத்தை ஆயத்தம் செய்தலுமே முற்பட்ட பொருள்கள், வண்டி பிற்பட்டது.

இதே செர்மானிய வேர் தென்வழியாகவும் பிரெஞ்சில் புகுந்தது. சிறுபடகைக் குறிக்கும் ‘எஸ்கிஃப்’ இத்தாலிய ‘ஸ்கீஃபோ’விலிருந்து வந்தது, அது லங்கோபார்டியக் கடன். சொல்லிறுதிப் பகரம் ஃபகரமாதல் உயர்செர்மானியத் திரிபு. எனவே ‘எகிப்பே’யின் பகரமே அதன் வடவழிக்குச் சான்றாகிறது.

இன்றைய ஸ்வீடியத்தில் கப்பலைக் குறிக்கும் ‘ஷெப்’பும் பிரெஞ்சு வழியே திரும்பிவந்த ‘எகிப்பேரா’வும் அருகருகே வழங்குகின்றன. ஒலியளவில் இவ்விரண்டுக்கும் பொதுவாக எஞ்சிய மெய் பகரம் ஒன்றே.