காட்சிக்கூடத்தில் பால்மரக் காடு

ஈப்போ பழைய நகரில் பீஜே தீமா சாலை என்றொரு தெரு உண்டு. அப்பெயரின் பொருளே ஈயத்தாது என்பதாகும். அங்குள்ள ஹான் சின் பெட் சூ, 1893ஆம் ஆண்டில் லியோங் ஃபீ தோற்றுவித்த ஹக்கா சீனச் சுரங்கத் தொழிலதிபர்களின் மன்றமாகும். 2015ஆம் ஆண்டில் அது காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சுரங்க முறைகளும், தட்டேந்தி ஈயமணல் அலசிய பெண்களின் உழைப்பும் அங்கே விளக்கப்படுகின்றன. அத்துடன் நிற்கவில்லை. அபின், சூதாட்டம், விலைமாதர், இரகசியக் கும்பல் ஆகியவையும் ஒளிவுமறைவின்றிக் காட்டப்படுகின்றன. தம் முன்னோரின் செல்வத்தைக் காட்டும் கூரையின் கீழேயே அவர்தம் கறையையும் காட்டிய துணிவு, அக்கூடத்தின் முதற்சிறப்பு என்பேன்.

இத்துணிவு நம்மவர் நடத்தும் கண்காட்சிகளில் உண்டா? பள்ளி மண்டபங்களிலும் கலை விழாக்களிலும் தோட்ட வாழ்க்கைக்கென ஒரு மேசை ஒதுக்கப்படுகிறது. அதன்மேல் ஒரு வாளி, ஒரு பால்வெட்டுக் கத்தி, நான்கைந்து மங்குகள். அருகே புன்முறுவல் பூத்த பெண்ணின் படம். மாலையும் உண்டு! கள்ளுக்கடை எங்கே? கங்காணியிடம் பட்ட கடன் எங்கே? இருள் பிரியுமுன் பெரட்டுக்கு எழுந்தோடிய தாய், தன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற வேதனை எங்கே? கத்தியைக் காண்பவன் அதன் கூர்மையைத்தான் காண்கிறான். நூற்றுக்கணக்கான மரங்களின் பட்டையை மெல்லிய இழையாகச் சீவிய கைக்கு, மழை பெய்த நாளில் கூலி என்னவாயிற்று என்பதை அவன் அறிவதில்லை. அதனைச் சொல்லாத கண்காட்சி, கண்காட்சியாகாது, கொலுவாகும்.

பத்துகாஜா அருகிலுள்ள கெல்லி மாளிகையை மாணவர் பலர் சுற்றுலாவில் கண்டிருப்பர். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை, தமிழகத்திலிருந்து வருவித்த தொழிலாளரைக் கொண்டு கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாது நின்ற மாளிகை அது. அதற்கு அணித்தே உள்ள மாரியம்மன் கோயிலை மாணவர் பெரும்பாலும் காணாமலே திரும்பிவிடுகின்றனர். விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் மாண்டபோது, அவர்கள் வேண்டியதற்கிணங்கத் துரை எழுப்பித் தந்த கோயில் என்பர். அதன் மேற்றளத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. பேராவில் நம்மவர் வழிபாட்டிடத்தில் தோட்ட வாழ்க்கை சிலையாகப் பதிந்த அரிய சான்று இதுவே எனலாம். துரையின் பெயரை ஊர் அறியும். காய்ச்சலில் மாண்டவருள் ஒருவர் பெயரையேனும் நம்முள் எத்தனை பேர் அறிவர்?

இலங்கை மலையகத் தமிழர் இவ்வகையில் நம்மை முந்திவிட்டனர். கம்பளைக்கு அருகே, 2007ஆம் ஆண்டில், பழைய லயத்து அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கினர். பொருளை மண்டபத்துக்குக் கொண்டுவராமல், பார்ப்பவனை லயத்துக்கு அழைத்துச் சென்றனர். பேராவில் அதற்கான காலம் குறுகி வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது, பல இடங்களில் லயங்கள் இருந்த மண்ணில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன.

ஆயினும் காட்சிக்குரியவை முற்றும் அழியவில்லை. சுங்கை சிப்புட் ஈன்ற துன் சம்பந்தன் தலைமையில் 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், வெட்டுக்கூலியில் மிச்சம் பிடித்துத் தோட்டப் பாட்டாளிகள் பங்கு சேர்ந்தனர். அவ்வகைப் பங்குத்தாள் ஒன்று நூறு வாளிகளை விட மிகுதியாகப் பேசும். துண்டாடலைக் கண்டு அஞ்சியவர்கள் அதனை எதிர்த்து என்ன செய்தனர் என்பதற்கு அது கையெழுத்திட்ட சாட்சி.

பெயர்ச்சீட்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மங்கின் கீழே 'மரப்பால் சேகரிக்கும் கலம்' என்று எழுதி வைக்கின்றனர். தூய தமிழ்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எந்தத் தோட்டத்திலும் எவரும் அதனை அவ்வாறு அழைத்ததில்லை. மலாய் மொழியின் 'மங்கோக்' நம் பாட்டிமார் நாவில் 'மங்கு' ஆயிற்று. அச்சொல்லைச் சீட்டின் தலையில் எழுதி, விளக்கத்தைக் கீழே எழுதினால் போதும். பெரட்டு, கிராணி, தண்டல், ஒட்டுப்பால் ஆகியவற்றுக்கும் அவ்வாறே.