சேராத கையும் இரண்டு மரபுகளும்

கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் எட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷ். விழாவிட்டால் ஒரு ஜோடி கூட இல்லாத கை. எதிரில் இருப்பவர் பந்தயம் கட்டுகிறார். சீட்டைக் கவிழ்த்துவிடலாம், அவர் வைத்த அளவு வைத்து கால் செய்யலாம், அதற்கு மேலும் ஏற்றி ரைஸ் செய்யலாம். போக்கரில் ட்ரா என்று சொல்லப்படும் இந்தச் சேராத கையை எப்படி ஆடுவது என்ற கேள்வியில்தான் ஆட்டத்தின் பெரிய மரபுகள் தனித்தனி வழியில் போயின. ஒருவர் எந்த மரபில் பயின்றவர் என்பதை இந்த ஓர் இடத்தில் அவர் செய்வதை வைத்தே சொல்லிவிடலாம்.

மூத்த மரபு பொறுமையின் மரபு. அதன் முகமாக ஹெர்பர்ட் யார்ட்லியைச் சொல்லலாம். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசுக்காக அயல்நாட்டு ரகசியக் குறியீடுகளை உடைத்த அதே யார்ட்லிதான். இண்டியானா மாநிலத்தின் வொர்திங்டன் என்ற சிற்றூரில், ஒரு மதுக்கூட உரிமையாளரின் மேசையில் ஆட்டம் கற்றவர். தன் போக்கர் நூலை 1957இல் வெளியிட்டார். கை நன்றாக இல்லையென்றால் வெளியே போ என்பதே அந்த மரபின் அடிப்படை. ஐந்து சீட்டு ட்ரா போக்கரில் நான்கு ஆட்டினோடு ஐந்தாவதைத் தேடுகிறவர் அறியாத சீட்டு 47. அதில் ஆட்டின் 9. அதாவது சேராத வழி 38, சேரும் வழி 9. நான்குக்கு ஒன்றைவிடச் சற்று மோசம். நடுவில் கிடக்கும் பணம் நாம் வைக்க வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் கால், இல்லையென்றால் கவிழ்ப்பு. ரைஸ் என்பது சேர்ந்து முடிந்த கைக்கு உரியது. இந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆட்டக்காரருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

டெக்சாஸ்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். 1933இல் லாங்வொர்த்தில் பிறந்த டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் ஆகிய ஆட்டக்காரர்களுடன் ஊர் ஊராகப் போய் மறைவான அறைகளில் ஆடியவர். லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1976, 1977 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். அவருடைய ‘சூப்பர் சிஸ்டம்’ நூல் சொன்ன வாதம் எளிமையானது, ஆழமானது. சேராத கையோடு நான் பெரிதாக ஏற்றும்போது எதிரிகள் பெரும்பாலும் கவிழ்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேரும் சிறு பணங்கள், என்றாவது ஒருவர் பிடித்துக்கொண்டு நான் பின்தங்கிய கையோடு பெரிய பணத்துக்குப் போட்டியிடும் நாளின் செலவைக் கட்டிவிடுகின்றன. இதைத் துணிச்சல் என்று மட்டும் பார்த்தவர்கள் பிரன்சனைத் தவறாகப் படித்தார்கள். அதற்குள் இருந்ததும் கணக்குதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுவில் 100. எதிராளி 50 வைக்கிறார். நம் முன்னால் இருக்கும் 200ஐயும் நாம் தள்ளுகிறோம். அவரிடமும் அவ்வளவே இருந்தது. அவர் கவிழ்த்தால் நமக்கு 150 லாபம். பிடித்தால் நடுவில் 500 சேரும். ஏஸ் ஜோடி சேரும் வாய்ப்பை ஒதுக்கிவிட்டு ஆட்டினை மட்டும் எண்ணினால், இரண்டு சீட்டு பாக்கி இருக்கும் ஃப்ளாப்பில் ஃப்ளஷ் சேரும் வாய்ப்பு 35 சதவீதம். 500இல் நம் பங்கு 175; போட்டது 200; சராசரி நட்டம் 25. ஆக ஏழு தடவையில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே முதலுக்கு மோசமில்லை. இதே பணம், இதே கை. ஆனால் நான்காவது சீட்டும் விழுந்து ஒரே சீட்டு பாக்கி இருக்கும் டர்னில் இதைச் செய்தால் வாய்ப்பு 19.6 சதவீதமாகச் சுருங்குகிறது. பிடிபட்டால் சராசரி நட்டம் 102. இப்போது பத்துக்கு நான்கு தடவை அவர் கவிழ்த்தாக வேண்டும்.

ஒரு சீட்டு தள்ளிப்போனதில் இவ்வளவு வேறுபாடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ‘ட்ராவை எப்போதும் வேகமாக ஆடு’ என்று சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. ஏழில் ஒன்று என்பதும்கூட நட்டமின்றித் தப்பும் எல்லை மட்டுமே. கால் செய்வதே லாபமாக இருக்கும் இடத்தில் ரைஸ் அதையும் தாண்ட வேண்டும். எதிராளியிடம் ஒரே எண்ணில் மூன்று சீட்டு இருந்தால் நம் 35 சதவீதமும் நான்கில் ஒன்றையொட்டி இறங்கிவிடும். அப்படிப்பட்டவர் கவிழ்க்கவும் மாட்டார்.

இந்த இரண்டு மரபுகளையும் ஒரே நூலில் இணைத்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. இப்போது பின்தங்கியிருந்தாலும் பின்னால் ஜெயிக்கக்கூடிய கையோடு ஏற்றுவதற்கு ‘செமி ப்ளஃப்’ என்று பெயர் வைத்தவர் அவர். 1987இல் வந்த ‘தியரி ஆஃப் போக்கர்’ அதற்கு இலக்கணம் வகுத்தது. வெற்றிக்கு இரண்டு வாசல் திறந்திருக்க வேண்டும்: எதிராளி விடுவது ஒன்று, சீட்டு விழுவது மற்றொன்று. ஒரு வாசல் அடைபட்டிருந்தால் அது வெறும் மிரட்டல் அல்லது வெறும் காத்திருப்பு. பந்தய அளவு கட்டுப்படுத்தப்பட்ட லிமிட் ஆட்டத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. டர்னில் பந்தயம் இரட்டிப்பாகும். எனவே ஃப்ளாப்பிலேயே மலிவாக ஒரு ரைஸ் போட்டால், அடுத்த சீட்டில் மற்றவர்கள் நமக்கு அஞ்சிப் பெரும்பாலும் பந்தயம் கட்டாமல் இருப்பார்கள். கடைசிச் சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். கடைசியில் ஆடும் இடம் கிடைத்தவருக்கே இது பலிக்கும்.

இனி கால் மரபின் பக்கம். அதைக் கோழைகளின் வழி என்று ஒதுக்குவது அநியாயம். மேற்சொன்ன 100க்கு 50 என்ற பந்தயத்தில் கால் செய்கிறவர் 150ஐ வெல்ல 50 போடுகிறார்; 25 சதவீத வாய்ப்பு வேண்டும். ஃப்ளாப்பில் அடுத்த ஒரு சீட்டுக்கு அவரிடம் இருப்பது 19 சதவீதம்தான். ஆனால் ஆட்டின் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 61 அல்லது 62 வாங்க முடிந்தால் கணக்கு நேராகிவிடும். ஏஸ் ஃப்ளஷுக்கு இது அழகாகப் பொருந்தும். சிறிய ஃப்ளஷுக்குப் பொருந்தாது, ஏனெனில் சேர்ந்த பிறகும் பெரிய ஃப்ளஷிடம் தோற்கும் ஆபத்து அதற்கு உண்டு. மூன்று நான்கு பேர் உள்ளே இருக்கும்போது, எல்லோரும் விடுவார்கள் என்ற நம்பிக்கை மெலிந்து, சேர்ந்தால் கிடைக்கும் பணம் பெருகுகிறது. அங்கே ஏஸ் ட்ராவுக்குக் கால்தான் நல்லது.

கணினி வந்து இந்த வழக்கை முடித்துவைத்ததா? 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் பொதுச் சீட்டுகளோடு ஆடும் இந்த ஹோல்டம் ஆட்டத்தின், இருவர் ஆடும் லிமிட் வடிவத்தை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தார்கள். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்கில் 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. சால்வர் எனப்படும் மென்பொருள்கள் காட்டும் விடை, ஒரே ட்ராவைச் சில தடவை ரைஸ் செய், சில தடவை கால் செய் என்று அடிக்கடி இரண்டையும் கலக்கிறது. ட்ராவோடு ஒருபோதும் ஏற்றாதவர் ஏற்றும்போதெல்லாம் கை சேர்ந்துவிட்டது என்று எதிராளி படித்துவிடுவார் அல்லவா? இன்னொரு பாடமும் உண்டு. நல்ல ட்ராவோடு ஏற்றி, எதிராளி திருப்பி ஏற்ற, வேறு வழியின்றிக் கவிழ்ப்பது பெரிய இழப்பு. தொடர் எண்களைத் தேடுகையில் நடுவில் ஒரு எண் மட்டும் குறையும் நாலு சீட்டு ஸ்ட்ரெய்ட் ட்ராவைக் கவிழ்ப்பதில் இழப்பு சிறிது; எனவே எதிராளி திருப்பி ஏற்றக்கூடிய இடத்தில் ரைஸுக்கு அதுவே பொருத்தம்.

என் தீர்ப்பு இது. ஃப்ளாப்பில், ஒரே எதிராளி, கவிழ்க்கத் தெரிந்தவர், கையிருப்பு முழுவதையும் தள்ளிவிடலாம் என்ற அளவில் இருக்கிறது என்றால் ரைஸ். டர்னில், அல்லது பலர் உள்ளே இருக்கையில், அல்லது எதைக் கொடுத்தாலும் விடாத எதிராளியிடம், விலை சரியாக இருந்தால் கால், இல்லையென்றால் கவிழ்ப்பு. இன்று பல இளைஞர்கள் சால்வரிலிருந்து தொடங்குகிறார்கள். அவர்கள் முதலில் ஸ்க்லான்ஸ்கியைப் படிக்கட்டும், அடுத்து பிரன்சனை. சால்வரை மூன்றாவதாகத் திறக்கட்டும்.